லெஜியோனில் தேறிய தம்பி சொன்னவை

நல்லூர்த் தேர் முடிந்த அன்று பின்னேரம், பிரான்சிலிருந்து வந்திருந்த என் சின்னம்மாவின் மகன், லெஜியோன் எனப்படும் பிரெஞ்சு வெளிநாட்டுப் படையணியில் தான் சேர்ந்த கதையை எங்கள் வீட்டு முற்றத்திலிருந்து முதன்முறையாக முழுமையாகச் சொன்னான். ஊர்ப் பெடியன்கள் சிலர் அப்படையைப் பற்றி என்னிடம் விசாரித்திருப்பதால் எழுதி வைக்கிறேன்.

1831 இல் உருவான அப்படைக்கான தெரிவு மர்செய் நகரை அடுத்த ஒபாஞ்சில் நடைபெறுகிறது. மருத்துவப் பரிசோதனை, நுண்ணறிவுச் சோதனை, கடந்தகாலத்தைத் துருவிக் கேட்கும் நேர்முகம், கம்பியில் தொங்கி உடலை உயர்த்துதல், 20 மீற்றர் தூரத்தை ஒலிக்கேற்ப வேகம் கூட்டிக் கூட்டி ஓடித் திரும்புதல் ஆகிய அனைத்தையும் தாண்டியவர்களே ஐந்து ஆண்டு ஒப்பந்தத்தோடு தென் பிரான்சிலுள்ள கஸ்தெல்னொதரி நகருக்கு நான்கு மாதப் பயிற்சிக்கு அனுப்பப்படுவார்கள்.

முதல் நான்கு வாரங்கள் ஊருக்கு ஒதுக்குப்புறமான ஒரு பண்ணையில் கழியும். அங்கே தன்னை வாட்டியது ஓட்டமோ பசியோ அல்ல, நித்திரையில்லாத தலைக்குள் ஏற மறுத்த பிரெஞ்சு மொழிதான் என்றான். ஏழு பிரிவுகள் கொண்ட லெஜியோன் நெறிமுறையை மனப்பாடம் செய்தாக வேண்டும். சிறுவயதில் பொருள் விளங்காமலே தேவாரம் பாடமாக்கியதுபோல, நடக்கும்போதும் சப்பாத்து மினுக்கும்போதும் அதை முணுமுணுத்தானாம். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைத் தெரியாதவரோடு சோடி சேர்த்துவிடுவது அங்கே வழக்கம். இவனுக்கு வாய்த்தவர் மடகஸ்கார்க்காரர். புறப்படுமுன் ஓடிப் பழகுவதைப் போலவே மொழியையும் படிக்க வேண்டும் என்று பெடியன்களிடம் நான் வற்புறுத்துவது இதனால்தான்.

அந்த மாத முடிவில் முழுச் சுமையோடு இரண்டு நாட்களில் சுமார் 50 கிலோமீற்றர் நடக்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போய், பாதிவழி திரும்பி வரும் தூரம் அது. இரண்டாம் நாள் குதிக்கால் கொப்பளம் உடைந்து இவன் நொண்டியபோது, அந்த மடகஸ்கார்க்காரர் இவனுடைய சுமையில் ஒரு பகுதியைத் தன் முதுகில் ஏற்றிக்கொண்டார். அன்று மாலை இருவரும் லெஜியோன் வீரரின் அடையாளமான வெள்ளைக் கெப்பித் தொப்பியை ஒன்றாகவே தலையில் வைத்தார்கள்.

எந்த நாட்டவராயினும், எந்த இனத்தவராயினும், எந்த மதத்தவராயினும் லெஜியோன் வீரர் ஒவ்வொருவரும் உன் சகோதரரே என்னும் இரண்டாம் பிரிவை அவன் பிரெஞ்சில் சொல்லித் தமிழில் விளக்கினான். மகனின் குரலைக் கேளாமல் அந்த முதல் மாதம் முழுவதும் நல்லூரானிடம் அழுத சின்னம்மா, கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “அடுத்த முறை வரேக்க அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா தம்பி” என்றார்.