ராப் ஆல்பம் விற்பது வம்பினாலா, பாட்டினாலா?

பழையகேசட்:
நேற்று ராத்திரி நண்பனோடு பெரிய வாக்குவாதம். அமெரிக்க ராப்பில் பாட்டு எப்படி இருந்தாலும் சரி, ஆல்பம் வருவதற்கு முன்னால் யாரையாவது வம்புக்கு இழுத்துவிட்டால் போதும், தானாக விற்றுவிடும் என்பது அவன் கட்சி. அதற்கு அவன் காட்டிய சாட்சி 2007 செப்டம்பர் 11. அன்றுதான் ராப் பாடகர்கள் கான்யே வெஸ்டின் ‘கிராஜுவேஷன்’, 50 சென்டின் ‘கர்டிஸ்’ ஆல்பங்கள் இரண்டும் ஒரே நாளில் வந்தன. கான்யே என்னைவிட அதிகம் விற்றால் இனி தனி ஆல்பமே போடமாட்டேன் என்று 50 சென்ட் சவால் விட்டார் (தோற்ற பிறகும் போட்டார், அது வேறு கதை). அமெரிக்காவில் முதல் வாரம் கான்யேவுக்குச் சுமார் 9,57,000 பிரதி, 50 சென்டுக்கு 6,91,000. தோற்றவருக்கே ஏழு லட்சம் கிட்டத்தட்ட! எனக்குப் பதில் வரவில்லை. நல்ல பாட்டுதான் விற்கும் என்று நம்புகிற ஆள் நான். யாராவது கைகொடுங்கள்.

ராத்திரிரேடியோ:
உங்கள் நண்பர் எடுத்த உதாரணமே அவருக்கு எதிராகத்தான் சாட்சி சொல்கிறது. சவால் விட்டவர் 50 சென்ட், வாய் அதிகம் பேசியவரும் அவர்தான். வம்புதான் விற்கும் என்றால் அவரல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? கான்யே ஆல்பத்தின் ‘ஸ்ட்ராங்கர்’ பாட்டு முன்பே வந்து எல்லார் காதிலும் ஏறியிருந்தது, அவர் ஜெயித்தார்.

இன்னும் நல்ல உதாரணம் 2003இல் 50 சென்டின் முதல் பெரிய ஆல்பமான ‘கெட் ரிச் ஆர் டை ட்ரையின்’. ஒன்பது குண்டு வாங்கிப் பிழைத்தவர், ஜா ரூல் என்ற இன்னொரு ராப்பரோடு பகை, இதெல்லாம் சேர்ந்து ஊரே பேசியது. திருட்டு சிடி வெளியே போய்விட்டதால் சொன்ன தேதிக்கு முன்பே விட்டார்கள், அதனால் முதல் வாரக் கணக்குக்கு முழு வாரம்கூடக் கிடைக்கவில்லை, அப்படியும் 8,72,000. நான் பார்ப்பது அடுத்த வாரத்தைத்தான்: 8,22,000. குண்டுக் கதைக்காக வாங்குகிறவன் முதல் வாரமே வாங்கிவிட்டுப் போயிருப்பான். இரண்டாம் வாரமும் கூட்டம் குறையவில்லை என்றால் அது அதிலிருந்த ‘இன் த கிளப்’ பாட்டு செய்த வேலை. இசைத் தயாரிப்பாளர் டாக்டர் டிரே கைவைத்த அந்த பீட்டை ஒருமுறை கேட்டால் மண்டையை விட்டுப் போகாது.

சண்டைக்கோழி:
அவ்வளவு சுலபமாக முடித்துவிடாதீர்கள். என்.டபிள்யூ.ஏ. என்ற ராப் குழுவின் ‘ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்’ ஆல்பம் 1988இல் வந்தபோது ரேடியோக்காரர்கள் தொடவே இல்லை. அடுத்த வருடம் எஃப்.பி.ஐ. அதிகாரி ஒருவர் ரெக்கார்டு கம்பெனிக்கு, அதில் போலீசைத் திட்டும் பாட்டு சரியில்லை என்று கடிதம் எழுதினார். காசு செலவில்லாமல் கிடைத்த விளம்பரம்! 1990இல் ஃப்ளோரிடாவில் 2 லைவ் க்ரூ என்ற ராப் குழுவின் ஆல்பத்தை ஆபாசம் என்று நீதிபதி தீர்ப்பு எழுதினார், விற்ற கடைக்காரரைக் கைது செய்தார்கள். அந்த ஆல்பம் இருபது லட்சத்துக்கு மேல் விற்றது. 1992இல் மேல்முறையீட்டில் தீர்ப்பே அடிபட்டுப் போனது. நேர்மையாகச் சொல்லுங்கள், அந்த ஆல்பத்தை இசைக்காக வாங்கியவர் எத்தனை பேர்?

அப்புறம், ராப்பில் வம்பு வேறு பாட்டு வேறு என்று பிரிப்பதே எனக்குச் சரியாகப் படவில்லை. 2000இல் ராப்பர் எமினெம் எந்த வரிகளுக்காகத் திட்டு வாங்கினாரோ அதே வரிகளுக்காகத்தான் அவர் ஆல்பத்தை முதல் வாரமே பதினேழு லட்சம் பேருக்கு மேல் வாங்கினார்கள். அங்கே சண்டையும் சரக்கும் ஒன்றுதான்.

மூன்றாவதுபாட்டு:
சண்டைக்கோழி சொல்வது பாட்டுக்குள் இருக்கும் வம்பு. அதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பாட்டுக்கு வெளியே நடக்கும் வம்பு வேறு. அதற்குச் சரியான ஆள் ராப்பர் சிக்ஸ்நைன். தன் கும்பல்காரர்களுக்கு எதிராகவே கோர்ட்டில் சாட்சி சொல்லி, 2020இல் சிறையிலிருந்து சீக்கிரமே வெளியே வந்து, மே மாதம் விட்ட ‘கூபா’ வீடியோவை யூடியூபில் ஒரே நாளில் நாலு கோடிக்கு மேல் பார்த்தார்கள். இணையம் முழுக்க அவர் பேச்சுதான். செப்டம்பரில் ஆல்பம் வந்தது, முதல் வாரம் சுமார் 53,000, பில்போர்டு என்ற அமெரிக்க விற்பனைப் பட்டியலில் நாலாவது இடம். தெருச்சண்டை மாதிரிதான். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேரும், டிக்கெட் போட்டால் ஒருத்தரும் நிற்கமாட்டார்கள். அப்போதைய பில்போர்டு கணக்கில் இலவசமாகக் கேட்பது 3,750 தடவை சேர்ந்தால்தான் ஓர் ஆல்பம் விற்றதாகும். ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்களை வைத்து அந்தக் கணக்கை நிரப்ப முடியாது, முழு ஆல்பத்தையும் திரும்பத் திரும்பக் கேட்கிறவன் வேண்டும்.

எதிர்ப்பக்கம் பாடகி லாரின் ஹில். 1998இல் தன் முதல் தனி ஆல்பத்தை எந்தச் சண்டையும் போடாமல் வெளியிட்டார், முதல் வாரம் 4,22,000. மறுவருடம் ஐந்து கிராமி. இன்றுவரை அவருக்கு வேறு தனி ஸ்டுடியோ ஆல்பமே இல்லை, ஆனாலும் விற்றுக்கொண்டே இருந்து 2021இல் டயமண்ட் ஆகிவிட்டது, அதாவது அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடி. இதை உங்கள் நண்பரிடம் கேளுங்கள், என்ன சொல்கிறார் பார்ப்போம்.

பழையகேசட்:
கேட்டுவிட்டேன். “லாரின் ஹில் விதிவிலக்கு” என்றான். சிக்ஸ்நைன் பெயரைச் சொன்னதும் கொஞ்ச நேரம் சத்தமில்லை, பிறகு “அவன் எல்லை மீறிட்டான்” என்று எழுதியிருக்கிறான். சரி, ‘கர்டிஸ்’ ஆல்பத்தில் இருந்து ஒரு பாட்டு சொல்லு என்று கேட்டேன். ‘ஆயோ டெக்னாலஜி’ ஒன்றுதான் வந்தது, அதுவும் ஜஸ்டின் டிம்பர்லேக் பாடிய பகுதியைத்தான் முணுமுணுக்கிறான்.