செம்பிக்கு அவசரம் வேண்டாம் (குடும்ப குரூப்)

ஞாயிறு, வந்து ரெண்டாம் நாள்

நான்: நம்ம புது நாய் செம்பி நேத்து சாயங்காலம் வந்தாச்சு. வந்ததுல இருந்து டைனிங் டேபிளுக்கு அடியில போய் சுவத்தோட ஒட்டிக்கிட்டு படுத்திருக்கா, வாலை வயித்துக்கு அடியில சுருட்டி வெச்சிருக்கா. நாங்க தூங்கினப்புறம் தண்ணி மட்டும் குடிச்சிருக்கா போல, கிண்ணம் பாதி காலி. சாப்பாட்டைத் தொடவே இல்ல. பாக்கவே முடியல

அம்மா: நான் பக்கத்துல உக்காந்து தலையத் தடவிக் குடுத்தேன், உடம்பு கிடுகிடுன்னு நடுங்குது. அப்பப்போ கொட்டாவி வேற விடுறா, ராத்திரி தூங்கலையோ என்னவோ

சித்தி: அக்கா அது தூக்கக் கொட்டாவி இல்ல, பயந்தாலும் நாய் கொட்டாவி விடும். சும்மா சும்மா உதட்ட நக்குறது, கண்ணு வெள்ளை தெரியுற மாதிரி ஓரமா பாக்குறது எல்லாம் அதே கணக்குதான், கிட்ட வராதன்னு அவ பாஷைல சொல்றா. தடவாதீங்க, குனிஞ்சு எட்டிப் பாக்காதீங்க, பேர் சொல்லி கூப்பிட்டுக்கிட்டே இருக்காதீங்க. அந்த டேபிள் அடியிலேயே ஒரு பழைய போர்வையப் போட்டு ரெண்டு பக்கமும் துணி தொங்க விட்டுடுங்க, அது அவ இடம், அங்க யாரும் கை நீட்டக் கூடாது

சித்தி: 3 நாள், 3 வாரம், 3 மாசம்னு ஒரு கணக்கு சொல்வாங்க. மூணு நாள் பயம் தெளிய, மூணு வாரம் வீட்டுப் பழக்கம் புரிய, மூணு மாசம் இது நம்ம வீடுன்னு மனசுல பதிய. அதவிட ஜாஸ்தி எடுத்துக்குற நாயும் உண்டு. என்கிட்ட ரெண்டாவதா இருந்தவன் என் மடியில தலை வெக்க ஏழு மாசம் ஆச்சு

நான்: சாப்பிடலன்னா எத்தன நேரம் விடலாம் சித்தி

சித்தி: ஒரு நாள் சாப்பிடாம இருக்கறது புது இடத்துல சகஜம்மா. தண்ணியும் குடிக்கல, சோர்ந்து கெடக்கா, வாந்தி பேதி இருக்குன்னா உடனே டாக்டர். இல்லாட்டியும் ரெண்டு நாள் தாண்ட விடாத. ராத்திரி கிண்ணத்த போர்வை பக்கம் வெச்சுட்டு லைட்ட அணைச்சுட்டு எல்லாரும் ரூமுக்குப் போயிடுங்க

தம்பி: அக்கா தொடையில சதையே இல்லையே அவளுக்கு, வருஷக்கணக்கா கூண்டுல கெடந்தவதானே. நாளைக்கு காலைல நான் ஓடப் போறப்ப கூட கூட்டிட்டுப் போறேன், வெளிக்காத்து பட்டா பயம் போயிடும்

திங்கள்

நான்: சித்தி, செம்பி ராத்திரி சாப்பிட்டுட்டா!! கிண்ணம் காலி

தம்பி: அக்கா போன் எடு

தம்பி: செம்பி காலர உருவிக்கிட்டு ஓடிட்டா

சித்தி: துரத்தாத. நின்ன இடத்துல நில்லு. எங்க இருக்கா

தம்பி: ரோட்டோரமா நிக்குற காருக்கு அடியில. வண்டிச் சத்தம் கேட்டு பின்னாடியே இழுத்தா, காலர் தலை வழியா வந்துடுச்சு

சித்தி: அவளுக்கு நேரா நிக்காத. பக்கவாட்டா திரும்பி தரையில உக்காரு. கண்ணப் பாக்காத, பேசாத, யாரையும் கூட்டம் போட விடாத. அக்கா நீங்க அவ போர்வைய எடுத்துட்டு வந்து கேட்டுக்கு உள்ள விரிங்க, கேட்ட முழுசா தொறந்து வைங்க

அம்மா: போட்டுட்டேன்

நான்: நான் ஆபீஸ்ல இருந்து கெளம்பிட்டேன்

சித்தி: தம்பி உக்காந்துட்டியா

தம்பி: உக்காந்துட்டேன் சித்தி. மூக்க மட்டும் வெளிய நீட்டி மோப்பம் பிடிக்கிறா

சித்தி: அப்படியே இரு. அரை மணி நேரம் ஆனாலும் இரு. பையில தின்பண்டம் இருந்தா கைய ஆட்டாம உனக்குப் பின்னாடி போட்டு வை

தம்பி: தானா வெளிய வந்துட்டா. என்னத் தாண்டி கேட்டுக்குள்ள போய் போர்வை மேல படுத்துட்டா. அம்மா கேட்ட சாத்திட்டாங்க

தம்பி: கை இன்னும் நடுங்குது. மன்னிச்சுடு அக்கா, கேக்காம கூட்டிட்டுப் போயிருக்கக் கூடாது

நான்: பரவால்லடா, பத்திரமா வந்துட்டா அது போதும்

சித்தி: மனசப் போட்டு ஒழப்பிக்காதடா, நீ உக்காந்த பாரு அதுதான் அவளக் காப்பாத்துச்சு. புதுசா வந்த நாய் தொலைஞ்சு போறது பெரும்பாலும் இந்த முதல் நாட்கள்லதான், வீடு எதுன்னே அதுக்குத் தெரியாதுல்ல. இனிமே நெஞ்சைச் சுத்திப் போடுற ஹார்னஸ் ஒண்ணு, காலர் ஒண்ணு, ரெண்டுலயும் கயிறு மாட்டி ரெண்டையும் கையில பிடிங்க. காலருக்கும் கழுத்துக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், மூணு விரல் போச்சுன்னா லூஸு. போன் நம்பர் தகடு இன்னிக்கே போடுங்க. அப்புறம் கேட்டும் உள்கதவும் ஒரே நேரத்துல தொறந்திருக்கவே கூடாது, ஒண்ண சாத்தினப்புறம்தான் இன்னொண்ணு

புதன்

நான்: டாக்டர்கிட்ட காட்டிட்டோம். எடை 15.2 கிலோ, அவ எலும்பு வாகுக்கு 19 இருக்கணுமாம். உடல்வாகுக்கு 9க்கு 3 மார்க் போட்டிருக்காங்க, 4, 5தான் சரியாம். பல்லப் பாத்து நாலு வயசு இருக்கும்னாங்க. ரத்தத்துல டிக் ஃபீவர் இருக்கு சித்தி, எர்லிக்கியாவாம், பிளேட்லெட் கம்மி. டாக்ஸிசைக்ளின் 28 நாளைக்கு குடுத்திருக்காங்க. இதயப்புழு இல்ல, அது ஒண்ணுதான் நிம்மதி. தடுப்பூசி உடம்பு தேறினதும்

சித்தி: உண்ணி கடிச்சு வர்றதுதான். கண்டுபிடிச்சாச்சுல்ல, சரியாயிடும். மாத்திரைய வெறும் வயித்துல குடுக்காத, சாப்பாட்டோட குடு, கடைசியா தண்ணி குடிக்கிறாளான்னு பாரு, தொண்டைக்குழாய்ல ஒட்டிக்கிட்டா புண்ணாக்கிடும். நாலே நாள்ல தெம்பா ஆயிடுவா, அதப் பாத்து நிறுத்திடாத, 28னா 28. பிளேட்லெட் ஏறுற வரைக்கும் ஓட்டம் குதிப்பு எதுவும் வேண்டாம், அடி பட்டா ரத்தம் நிக்காது. ஈறுல செவப்புப் புள்ளி, மூக்குல ரத்தம் வந்தா ராத்திரி ஆனாலும் தூக்கிட்டு ஓடணும்

மாமா: ஏம்மா இப்படி மெலிஞ்சிருக்குற புள்ளைக்கு வயிறு முட்டப் போடுங்க, பத்து நாள்ல தேறிடும்

சித்தி: அண்ணா உங்க மனசு புரியுது, ஆனா அதுலதான் ஆபத்தே. ரொம்ப நாள் பட்டினி கெடந்த உடம்புக்கு திடீர்னு நிறைய உள்ள போனா ரத்தத்துல இருக்குற பாஸ்பரஸ், பொட்டாசியமெல்லாம் சட்டுன்னு எறங்கிடும், ரொம்ப மெலிஞ்சதுங்களுக்கு உசுருக்கே ஆபத்தாகும். கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளைக்கு நாலு வேளை. டாக்டர் சொன்ன அளவ காலைலயே அளந்து ஒரு டப்பால போட்டு வெச்சுட்டு அதுல இருந்துதான் எடுக்கணும். சாப்பாட்ட மாத்துறதா இருந்தா ஒரு வாரம் பத்து நாள் எடுத்துக்கிட்டு, முதல்ல கால் பங்கு புதுசு, அப்புறம் பாதி, அப்புறம் முக்கால்

சனி

நான்: ராத்திரில இருந்து மூணு தடவை தண்ணியா போயிருக்கா. டப்பால இருந்துதான் குடுக்கிறேன், என்னன்னு தெரியல

அம்மா: நான்தாண்டி குடுத்தேன். மத்தியானம் நான் சாப்பிடுறப்ப டேபிள் அடியில இருந்து முதல் தடவையா தலைய வெளிய நீட்டி என் கையப் பாத்தா. அஞ்சு நாளா முகமே காட்டாதவ. குடுக்காம எப்படி இருக்க முடியும் சொல்லு. ரெண்டு நாளா குடுத்துட்டேன்

நான்: மா அழாத, எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல

சித்தி: அக்கா அவ தலைய நீட்டினதே பெரிய விஷயம், உங்ககிட்டதான் முதல்ல வந்திருக்கா. குடுங்க, ஆனா அந்த டப்பாவுல இருந்து ரெண்டு தீவன மணி எடுத்து குடுங்க, அவளுக்கு வேணுங்கிறது உங்க கை. நம்ம சாப்பாட்டுல வெங்காயம் பூண்டு இருந்தா அதுவே அவ ரத்தத்துக்கு ஆகாது. திராட்சை, சாக்லேட், சுகர்லெஸ் மிட்டாயில போடுற சைலிட்டால் இதெல்லாம் கண்ணுலயே படக் கூடாது. இன்னிக்கு டாக்டருக்கு போன் போட்டு சொல்லிடு கண்ணு, உடம்புல தண்ணி வத்தாம பாத்துக்கோ

ஞாயிறு, ரெண்டாவது வாரம்

அண்ணி: பசங்க செம்பியப் பாக்கணும்னு ஒரே அடம், இன்னிக்கு சாயங்காலம் கூட்டிட்டு வரலாமா

நான்: அண்ணி தப்பா நெனைக்காதீங்க, இன்னும் ரெண்டு வாரம் போகட்டுமே. நேத்து அம்மா கிண்ணத்த எடுக்கப் போனப்ப உர்ருன்னா

மாமா: உறுமுற நாயா? அதட்டி வைக்கணும்மா, இல்லன்னா பழக்கமாயிடும்

சித்தி: அண்ணா உறுமினதுக்கு அதட்டினா உறுமுறத விட்டுடும், பயத்த விடாது, அடுத்த தடவை சொல்லாம கொள்ளாம கடிக்கும். உறுமுறது நல்லது, முன்கூட்டி சொல்லுது. அவ சாப்பிடுறப்ப கிண்ணத்துல கை வைக்காதீங்க, தள்ளி நடந்து போறப்ப ருசியா ஒண்ண கிண்ணம் பக்கம் போட்டுட்டு நிக்காம போயிடுங்க. மனுஷங்க வந்தா எடுக்க மாட்டாங்க, குடுப்பாங்கன்னு புரிஞ்சுடுச்சுன்னா தானா அடங்கும்

அண்ணி: சரிதான் சித்தி, பசங்ககிட்ட சொல்லிட்டேன். அதுக்குப் பதிலா அவளுக்குப் படம் வரைஞ்சுட்டு இருக்காங்க

அம்மா: இன்னொண்ணு. நான் பெருக்க விளக்குமாத்த எடுத்தாலே அங்கேயே ஒண்ணுக்குப் போயிடுறா

சித்தி: யாரோ அதால அடிச்சிருக்கலாம், இல்ல பாத்ததே இல்லாததாலயும் இருக்கலாம். அவ வெளிய போனப்புறம் பெருக்குங்க, இப்போதைக்கு அது போதும்

ஆறாவது வாரம்

நான்: மாத்திரை முடிஞ்சு மறுபடி ரத்தம் பாத்தாச்சு, பிளேட்லெட் நார்மல்!!! எடை 17.4. டாக்டர் இனிமே மெதுவா நடக்க விடலாம்னுட்டாங்க, தடுப்பூசியும் போட்டாச்சு

தம்பி: சித்தி சொல்லுங்க. இந்தத் தடவை நீங்க சொல்றபடிதான்

சித்தி: முதல்ல எல்லாரும் ஒண்ணு பழகிக்கோங்க. கைய முஷ்டியா மடக்கி விரல் முட்டி மேல இன்னொரு கையால தடவிப் பாருங்க, விலா அப்படி குத்துச்சுன்னா மெலிவு. கைய நீட்டி புறங்கையத் தடவினா விரல் எலும்பு லேசா தட்டுப்படும்ல, விலா அப்படி இருந்தா சரி. உள்ளங்கைப் பக்கம் மாதிரி மெத்துனு எலும்பே தெரியலன்னா கொழுப்பு. எடை ஏறுறது மட்டும் பத்தாது, சதையா ஏறணும், இல்லன்னா மூட்டு தாங்காது

நான்: தடவிப் பாத்தேன், முஷ்டிக்கும் புறங்கைக்கும் நடுவுல இருக்கு

சித்தி: அருமை. தம்பி கேட்டுக்கோ. ஒரு தடவைக்கு பத்து நிமிஷம், நாளைக்கு மூணு தடவை. தூரம் முக்கியம் இல்ல, அவ ஒரே செடிய அஞ்சு நிமிஷம் மோந்தாலும் நீ நில்லு, மோந்து பாக்குறப்பதான் அவளுக்கு மனசு எறங்கும். ஒரு வாரம் நொண்டாம, மறுநாள் காலைல விறைப்பா எழுந்திருக்காம இருந்தான்னா ரெண்டு நிமிஷம் கூட்டு. நடுவுல உக்காந்துட்டா அவ்வளவுதான், திரும்பிடு. தரையில புறங்கைய ஏழு செகண்ட் வெக்க முடியலன்னா அவ பாதமும் தாங்காது. சாப்பிட்ட உடனே நடை வேண்டாம்

சித்தி: வீட்டுல வழவழ தரைன்னா மேட் விரிச்சு விடுங்க, சறுக்குற பயத்துல பின்னங்கால அகட்டி வெச்சு நடக்கும், அதுல சதை வளராது. நகமும் வெட்டிடுங்க. மேட் மேல உக்கார வெச்சு எழுப்புங்க, அஞ்சு தடவை, அதான் அவளுக்கு தோப்புக்கரணம். பின்னங்கால் ரெண்டையும் ஒண்ணா மடக்கி நேரா உக்காரணும், ஒருக்களிச்சு உக்காந்தா கணக்குல சேராது. துண்டச் சுருட்டி ஒரு அடிக்கு ஒண்ணா நாலு போட்டு தாண்டி நடக்க விடுங்க, கால ஒவ்வொண்ணா தூக்கி வைக்கப் பழகும்

அம்மா: என் தையல் டேப்ப வெச்சு தொடைய அளந்து வெக்கட்டுமா

சித்தி: ஆமா அக்கா, நல்ல யோசனை! நிக்க வெச்சு ரெண்டு தொடையும் ஒரே எடத்துல அளக்கணும், ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை

அம்மா: எடம் மாறாம இருக்க முடிய கத்தரிக்கோலால துளி வெட்டி அடையாளம் வெச்சுட்டேன். வலது 28 செ.மீ, இடது 27 செ.மீ. அசையாம நின்னா. டேப்ப மோந்து பாத்துட்டு என் மணிக்கட்ட ஒரு தடவை நக்கினா

நான்: மா என்கிட்ட சொல்லவே இல்ல

அம்மா: இப்பதாண்டி நடந்துச்சு, அழுதுக்கிட்டே டைப் பண்றேன்

பதினொண்ணாவது வாரம்

தம்பி: நேத்து 20 நிமிஷம், சின்ன ஏத்தம் ஒண்ணு ஏறி எறங்கினோம். திரும்பி வர்றப்ப வால் முதுகு மட்டத்துக்கு மேல இருந்துச்சு, இத நான் பாத்ததே இல்ல

நான்: எடை 18.8. தொடை வலது 30.5, இடது 30. நேத்து விளக்குமாறு தானா சரிஞ்சு விழுந்துச்சு, நாலடி ஓடிப் போய் நின்னு திரும்பிப் பாத்துட்டு மறுபடி வந்து படுத்துக்கிட்டா. தனியா விடுறதுக்கும் பத்து செகண்ட்ல ஆரம்பிச்சு இப்ப ரெண்டு மணி நேரம் அமைதியா இருக்கா

அண்ணி: பசங்க வரைஞ்ச படத்தோட இந்த ஞாயிறு வரோம். கிட்டப் போகாம தரையில உக்காரணும், அவளா வந்தா மட்டும் கழுத்துக்குப் பக்கத்துல தடவணும்னு மனப்பாடமா சொல்றாங்க

தம்பி: சித்தி இப்ப ஓடலாமா? கொஞ்ச தூரம்?

சித்தி: ஒரு நிமிஷம் மெல்லோட்டம், மூணு நிமிஷம் நடை, அப்படி நாலு சுத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். மண் தரையா பாரு. நாக்கு அகலமா விரிஞ்சு தொங்கி மூச்சு வாங்கினா நிறுத்திட்டு நிழலுக்குப் போ. ஹார்னஸ் ரெண்டு கயிறும் இன்னும் விடாத

தம்பி: விட மாட்டேன் சித்தி. நாளைக்கு காலைல 6 மணி அக்கா

மறுநாள் காலை

அம்மா: 5.40ல இருந்து உள்கதவு பக்கம் உக்காந்திருக்கா, ரெண்டு பின்னங்காலும் மடக்கி நேரா. வால் மட்டும் தரையப் பெருக்குது

தம்பி: வெளிய நிக்குறேன் மா. உள்கதவு சாத்தியிருக்கான்னு பாத்துட்டு கேட்டத் தொறங்க