வெளிநாட்டு உளவும் நம் விசுவாசமும்: சிங்கப்பூரில் நமக்கு நேர்ந்தவை

துறைமுகத்தாள்

சரக்குப் போக்குவரத்துத் திட்டமிடல்தான் பல வருடங்களாக என் வேலை. வேலைத் தொடர்புகளுக்கான தளம் ஒன்றில் எனக்கு வந்த ஒரு செய்தியைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆலோசனை நிறுவனம் ஒன்றிலிருந்து எழுதுவதாக ஒரு பெண் அறிமுகம் செய்துகொண்டார். அழகான ஆங்கிலம், அளவான பாராட்டு. துவாஸ் துறைமுகம் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். எல்லாமே பத்திரிகையில் வந்த விஷயங்கள்தான். அதற்கு 400 வெள்ளி. யார் எழுதினாலும் கிடைக்கிற தகவலுக்கு ஏன் இவ்வளவு பணம் என்று எனக்கு உறுத்தியது. நிறுவனப் பதிவு எண்ணைக் கேட்டேன். "எங்கள் தலைமையகம் வெளிநாட்டில் இருக்கிறது, சிங்கப்பூர்க் கிளை விரைவில் திறக்கிறோம்" என்று பதில் வந்தது. பேச்சை வேறொரு செயலிக்கு மாற்றிக்கொள்ளலாம் என்றார். கடைசியாக வந்த வரிதான் என்னைத் தூக்கிவாரிப்போட்டது: "உங்கள் துறையில் பதவி உயர்வு கிடைக்காமல் மனம் நொந்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அறிமுகப்படுத்துங்கள், அவர்களுக்கு நல்ல வாய்ப்பு தருகிறோம்."

மனம் நொந்தவர்களை ஏன் தேட வேண்டும்? டிக்சன் இயோ வழக்கைப் படித்தவர்களுக்கு இது புரியும். சிங்கப்பூர்க் குடிமகன், இங்கே லீ குவான் இயூ பொதுக் கொள்கைப் பள்ளியில் முனைவர் பட்ட மாணவர். 2015-ல் பெய்ஜிங்கில் ஒரு கட்டுரை வாசிக்கப் போன இடத்தில் சீன உளவுத்துறை ஆட்கள் அவரைத் தங்களுக்கு வேலை செய்யச் சேர்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவர் அமெரிக்காவில் போலி ஆலோசனை நிறுவனம் ஒன்றின் பெயரில் வேலை விளம்பரம் கொடுத்தார். 400-க்கும் மேற்பட்ட சுயவிவரங்கள் வந்தன. அவற்றில் 90 விழுக்காடு பாதுகாப்பு அனுமதி பெற்ற ராணுவ, அரசாங்க ஊழியர்களுடையவை என்று அவரே சொன்னார். வேலையில் அதிருப்தியா, பணக் கஷ்டமா, பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்களா என்று விசாரிக்கும்படி அவருக்குச் சொல்லியிருந்தார்கள். 2020-ல் வாஷிங்டனில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 14 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

எனக்கு வந்த செய்தியை மேலதிகாரியிடம் காட்டினேன். பாதுகாப்புப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்தோம். அந்தப் பெண் உண்மையில் யார், எந்த நாடு என்பது எனக்குத் தெரியாது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மலைக்கோட்டை மைந்தன்

அக்கா, நல்லவேளை நீங்கள் பதிவு எண்ணைக் கேட்டீர்கள். எனக்கு நேர்ந்தது இதற்கு நேர்மாறு. என்னிடம் யாரும் ரகசியம் கேட்கவில்லை. என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

திருச்சியிலிருந்து வேலைக்கு வந்தவன் நான். நிரந்தரவாசியாகி, பிறகு குடியுரிமை வாங்கினேன். இங்கே இரட்டைக் குடியுரிமை கிடையாது, இந்தியாவிலும் கிடையாது. பழைய கடப்பிதழை இந்தியத் தூதரகத்தில் ஒப்படைத்தபோது ரத்து முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள். மகன் தேசிய சேவைக்காக, அதாவது கட்டாய ராணுவப் பயிற்சிக்காக, புலாவ் தெக்கோங் தீவுக்குப் போனான். முதல் வாரக் கடைசியில் ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போது என் அம்மா கேட்டார்: "பேரன் எந்த நாட்டுக்குடா துப்பாக்கி தூக்குறான்?" நம்ம நாட்டுக்குத்தான் அம்மா என்றேன். "எது நம்ம நாடு?" என்றார். அவர் குத்திக் காட்டவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சிங்கப்பூர்தான் என்று சொன்னதும், "சரி, நல்லா இருக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடச் சொல்லு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

அலுவலகத்தில் அப்படி முடியவில்லை. 2024 பிப்ரவரியில் பிலிப் சான் மான் பிங் பற்றிய செய்தி வந்தது. ஹாங்காங்கிலிருந்து வந்து குடியுரிமை பெற்ற தொழிலதிபர். முந்தைய வருடம் பெய்ஜிங்கில் நடந்த நாடாளுமன்றக் கூட்டங்களுக்கு வெளிநாட்டுச் சீனர்களின் பிரதிநிதியாக அழைக்கப்பட்டுப் போனவர். வெளிநாட்டுத் தலையீட்டுத் தடுப்புச் சட்டத்தின் கீழ் "அரசியல் முக்கியத்துவம் வாய்ந்தவர்" என்று முதன்முதலாக அறிவிக்கப்பட்டவர் அவர்தான். அதன்படி 10,000 வெள்ளியும் அதற்கு மேலும் வாங்குகிற அரசியல் நன்கொடைகளையும் வெளிநாட்டுத் தொடர்புகளையும் அவர் ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். அது குற்றத் தீர்ப்பு அல்ல. ஆனால் மதியச் சாப்பாட்டு மேசையில் அது எப்படி மாறியது தெரியுமா? "பிறகு வந்து குடியுரிமை வாங்கியவர்கள் எல்லாரும் இப்படித்தான்" என்றார் ஒருவர். இன்னொருவர் என்னைப் பார்த்து, "சண்டை வந்தால் நீ எந்த விமானத்தில் ஏறுவாய்?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. மகன் சீருடையோடு முகாமில் இருந்த நேரம் அது. தொண்டை அடைத்துக்கொண்டது.

டிக்சன் இயோ பிறகு வந்து குடியுரிமை வாங்கியவர் என்று யாராவது சொன்னார்களா? இதை அந்த மேசையிலேயே கேட்டிருக்கலாம். அந்த நேரத்தில் வாய் வரவில்லை, இங்கே கேட்கிறேன்.

தேக்கா பேரன்

அண்ணா, உங்கள் அம்மா கேட்ட கேள்வி எங்கள் வீட்டில் 80 வருடமாக இருக்கிறது.

லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஃபேரர் பார்க் திடலை இன்று பந்து விளையாடும் இடமாகத்தான் பலருக்குத் தெரியும். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் விழுந்தது. இரண்டு நாள் கழித்து, 17-ம் தேதி, பிரிட்டிஷ் ராணுவத்தின் இந்தியச் சிப்பாய்களை அந்தத் திடலில் கூட்டினார்கள். ஏறத்தாழ 45,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியர் வசம் ஒப்படைத்தார். அடுத்து மேஜர் ஃபுஜிவாரா பேசினார். அவர் ஜப்பானிய உளவுத்துறைக்காரர். இந்தியச் சிப்பாய்களைத் தம் பக்கம் இழுப்பதற்கென்றே போர் தொடங்குமுன் தனிக் குழு அமைத்து வேலை பார்த்தவர். பிறகு கேப்டன் மோகன் சிங் எழுந்து, இந்திய தேசிய ராணுவத்தில் சேருங்கள் என்றார்.

என் தாத்தாவும் அவர் அண்ணனும் அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள். தாத்தா சேர்ந்தார். அண்ணன் சேரவில்லை, "உப்பைத் தின்றுவிட்டு எப்படி மாறுவது?" என்றாராம். சேராத பலரைப் போலவே அவரையும் நியூ கினிக்குக் கூலி வேலைக்குக் கப்பலேற்றினார்கள். திரும்பி வரவில்லை. இந்த இரண்டு பேரில் யார் துரோகி என்று பாட்டியிடம் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் சத்தியம் பண்ணவங்கதான், வேற வேற ஆளுக்கு" என்றார். தாத்தா 1943-ல் நேதாஜி வந்து பேசிய பாடாங் திடலைக் கடக்கும்போதெல்லாம் நின்று பார்ப்பார். அண்ணனைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுவார். இந்திய தேசிய ராணுவத்துக்காக எஸ்பிளனேடில் கட்டிய நினைவுச் சின்னத்தை 1945-ல் திரும்பி வந்த பிரிட்டிஷார் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995-ல்தான் அந்த இடத்தில் அடையாளக் கல் ஒன்று வைத்தார்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சின்ன இடத்தில் பெரிய நாடுகள் மோதும்போது முதலில் உடைவது குடும்பம்தான். வெளிநாட்டுத் தலையீடு என்று அரசாங்கம் எச்சரிக்கும்போது எனக்கு அது வெறும் பிரசாரமாகப் படாததற்குக் காரணம் இந்தக் கதை. மலேசியா உருவானதை இந்தோனேசியா எதிர்த்த காலத்தில், 1965 மார்ச் 10-ல், ஆர்ச்சர்ட் சாலை மெக்டோனல்ட் ஹவுஸில் இந்தோனேசியக் கடற்படை வீரர்கள் வைத்த குண்டில் மூன்று பேர் செத்தார்கள். அதுவும் என் அப்பாவின் இளமைக்கால நினைவுதான், எங்கோ படித்த வரலாறு இல்லை.

செங்காங் மருமகள்

படித்துவிட்டு மனது கனத்துவிட்டது. என்னுடையது இவ்வளவு பெரிதில்லை.

2018-ல் மருத்துவமனைகளை நடத்தும் சிங்ஹெல்த் குழுமத்தின் கணினிகளில் புகுந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்களை எடுத்துச் சென்றார்களே, அதில் என் மாமியாரும் ஒருவர். குறுஞ்செய்தி வந்தது. அதைத் தமிழில் சொல்லச் சொன்னார். "என் சர்க்கரை மாத்திரை யாருக்கு வேண்டும்?" என்று சிரித்தார். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங்கின் மருந்து விவரத்தைத்தான் குறிவைத்துத் தேடினார்கள் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு நாட்டின் தலைவருக்கு என்ன நோய் என்று அடுத்தவன் தெரிந்துகொள்வது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. எந்த நாடு செய்தது என்று அரசாங்கம் வெளியே சொல்லவில்லை. 2025 ஜூலையில் முக்கிய உள்கட்டமைப்புகளை யுஎன்சி3886 என்ற இணைய ஊடுருவல் குழு தாக்குகிறது என்று அமைச்சர் சண்முகம் சொன்னபோதும் நாட்டின் பெயரைச் சொல்லவில்லை. அது சீனாவுடன் தொடர்புள்ள குழு என்று சொன்னது மேண்டியன்ட் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம். பெரிய நாட்டோடு உறவு கெடக்கூடாது என்ற அரசாங்கத்தின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் சொல்லாமல் விட்ட அந்த இடத்தில் மக்கள் பக்கத்து வீட்டுக்காரரின் முகத்தை ஒட்டிவிடுகிறார்கள். அதுதான் எனக்குப் பயம்.

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதைக் கண்ணால் பார்த்தேன். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் இறந்தார்கள். ஊரிலிருந்து சீனப் பொருள்களைப் புறக்கணியுங்கள் என்று காணொளிகள் வரத் தொடங்கின. ஊர்க்காரர்கள் கொதித்தது இயல்பு. ஆனால் இங்கே பிறந்து வளர்ந்த என் கணவரின் தம்பி, "இந்தச் சீனர்களை நம்பக்கூடாது" என்று எழுதினார். எந்தச் சீனர்களை? எங்கள் மாடியில் கொரோனா சமயத்தில் மாமியாருக்குக் காய்கறி வாங்கி வந்து கதவில் மாட்டிவிட்டுப் போனவர் ஒரு சீனப் பாட்டி. இமயமலையில் யாரோ போட்ட எல்லைச் சண்டைக்கு அந்தப் பாட்டி எப்படிப் பொறுப்பாவார்? நான் குழுவில் அதைத்தான் எழுதினேன். இரண்டு நாள் யாரும் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் மாமியார், "மருமக சொல்றது சரிதான்" என்று குரல் பதிவு போட்டார். அப்புறம் அடங்கியது.

உக்ரேன் போர் தொடங்கியபோது என் சீனத் தோழிக்கும் இதே கதை. அவள் அம்மா வீசாட் என்ற சீனச் செயலியில் வருவதை மட்டுமே பார்ப்பவர். ரஷ்யாவுக்கு எதிராகச் சிங்கப்பூர் ஏன் தடை போட்டது, அமெரிக்கா சொன்னதாலா என்று தினமும் சண்டை. சின்ன நாட்டைப் பெரிய நாடு விழுங்கலாம் என்று நாம் ஒத்துக்கொண்டால் நாளை நமக்கு யார் பேசுவார்கள் என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். அவளுடைய அம்மாவை உளவாளி என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வேறொரு நாடு விரும்புகிற கண்ணாடி வழியாகத்தான் அவர் தம் சொந்த நாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிறு தொண்டன்

எல்லாரும் வெளியிலிருந்து வருகிற ஆபத்தைச் சொன்னீர்கள். நான் வேறொன்றைச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டு ஊழியர்களுக்கு உதவும் ஒரு சிறு குழுவில் ஞாயிற்றுக்கிழமைகளில் இருப்பேன். சம்பளம் கிடைக்காதவர்களுக்கு மனு எழுதிக் கொடுப்போம். 2021 அக்டோபர் 4-ல் வெளிநாட்டுத் தலையீட்டுச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 75 பேர் ஆதரவு, 11 பேர் எதிர்ப்பு, 2 பேர் வாக்களிக்கவில்லை. அதற்கடுத்த வாரம் எங்களோடு இருந்த ஒரு பட்டதாரிப் பெண் நின்றுவிட்டாள். வெளிநாட்டு அமைப்பு ஒன்று நடத்திய கருத்தரங்கில் அவள் பேச ஒப்புக்கொண்டிருந்தாள். "நாளைக்கு அரசாங்க வேலைக்கு மனுப் போட்டால் இது கேள்வியாகுமா?" என்றாள். ஆகாது என்று உறுதியாகச் சொல்ல என்னால் முடியவில்லை.

சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2025 தேர்தலின்போது மலேசியாவின் இஸ்லாமியக் கட்சியான பாஸின் அரசியல்வாதிகள் சிலர் நம் வாக்காளர்களிடம் இன, மத அடிப்படையில் பேசப் பார்த்தார்கள். அந்தப் பதிவுகளைத் தேர்தல் சட்டத்தின் கீழ் முடக்கியது சரிதான். ஆனால் வெளிநாட்டுத் தலையீட்டுச் சட்டத்தின் கீழ் முறையீடு பெரும்பாலும் அமைச்சரிடமோ மறுஆய்வு நடுவர் மன்றத்திடமோதான் போகும், வழக்கமான நீதிமன்றத்துக்கு அல்ல. 1987-ல் அரசைக் கவிழ்க்க மார்க்சிஸ்ட் சதி என்று சொல்லி அரசாங்கம் 22 பேரைப் பிடித்து வைத்ததைப் பற்றி இன்றும் ஒத்த கருத்து இல்லை. அப்படி ஒரு நினைவு உள்ள ஊரில், எது தலையீடு, எது நட்பு என்ற கோடு தெளிவாக இருக்க வேண்டும். உண்மையான உளவாளி அந்தக் கோட்டைப் பார்த்துப் பயப்படமாட்டான். ஞாயிற்றுக்கிழமை மனு எழுத வருகிற பெண்தான் பயப்படுவாள்.

துறைமுகத்தாள்

தொண்டன் தம்பி சொன்னதைப் பலமுறை படித்தேன். அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: கருத்தரங்குக்கு அழைப்பது யார், செலவு யாருடையது, பேச்சு பொதுவில் வருமா என்று கேட்டால் நேர்மையானவர்கள் ஒளிக்காமல் சொல்வார்கள். எனக்கு வந்தவர் இதில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்லவில்லை.

மலைக்கோட்டை அண்ணா, அந்த மேசையில் நான் இருந்திருந்தால் உங்களுக்காகப் பேசியிருப்பேன்.

சிலர் தனிச்செய்தியில் என்ன செய்வது என்று கேட்டிருந்தார்கள். அப்படி ஏதாவது வந்தால் அழிக்காதீர்கள், படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எதிரில் இருப்பவரிடம் வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். வேலையிடத்தில் பொறுப்பானவரிடம் சொல்லுங்கள், அங்கே சொல்ல முடியாவிட்டால் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குத் தெரிவிக்கலாம். ஓய்வு பெற்ற பெற்றோரிடமும் இதைச் சொல்லி வையுங்கள். என் பழைய சக ஊழியர் ஒருவருக்கு ஓய்வுக்குப் பிறகு விமானச் செலவு, தங்கும் விடுதி எல்லாம் கொடுத்து வெளிநாட்டில் "அனுபவ உரை" நிகழ்த்த அழைப்பு வந்திருக்கிறது. அடுத்த வாரம் அவரோடு உட்கார்ந்து அந்தக் கடிதத்தைப் படிக்கப் போகிறேன்.