புதுப்பிப்பு: விண்டோஸ் 10லிருந்து 11க்கு, செக்யூர் பூட் சிக்கல் தீர்ந்தது

முன்பு கேட்டது: இன்டெல் 8ஆம் தலைமுறை பிராசசர், 8 ஜிபி ராம் இருந்தும் 'செக்யூர் பூட் இல்லை' (நம்பகமான மென்பொருளை மட்டுமே வைத்துக் கணினியைத் தொடங்கவிடும் பாதுகாப்பு) என்று விண்டோஸ் 11 ஏற மறுக்கிறது, மாறலாமா, வேண்டாமா?

மாறலாம். காரணம் வன்பொருள் இல்லை. டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய பிரிப்பு முறையில் இருந்ததால் பயாஸ் (கணினியைத் தொடங்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) லெகசி என்ற பழைய முறையில் ஓடிக்கொண்டிருந்தது. விண்டோஸிலேயே இருக்கும் எம்பிஆர்2ஜிபிடி கருவி டேட்டாவை அழிக்காமல் டிஸ்க்கை ஜிபிடி என்ற புதிய முறைக்கு மாற்றித் தரும். இருந்தாலும் பேக்கப் எடுக்காமல் தொடவே கூடாது.

வரிசைதான் முக்கியம். பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) இருந்தால் முதலில் நிறுத்திவையுங்கள். அடுத்து கருவியை 'வேலிடேட்' கட்டளையோடு ஓட்டிப் பாருங்கள். டிஸ்க்கில் பிரைமரி (முதன்மை) பார்ட்டிஷன் மூன்றுக்கு மேல் இருந்தாலோ, டி டிரைவ் லாஜிக்கல் (உட்பிரிவு) பார்ட்டிஷனாக இருந்தாலோ இங்கேயே நின்றுவிடும். டிஸ்க் மாறிய பிறகே பயாஸில் சிஎஸ்எம்மை (லெகசி முறையை அனுமதிக்கும் அமைப்பு) அணைத்து, யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை), செக்யூர் பூட் இரண்டையும் போட வேண்டும். முந்திக்கொண்டு அணைத்தால் விண்டோஸ் பூட் ஆகாது. பதறாமல் சிஎஸ்எம்மைத் திரும்பப் போட்டால் சரியாகிவிடும். விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு வசதியான டிபிஎம் 2.0 இன்டெல் போர்டுகளில் பெரும்பாலும் பிடிடி என்ற பெயரில் ஒளிந்திருக்கும்.

பிடிக்காவிட்டால் 10 நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம், அதுவரை விண்டோஸ்.ஓல்டு ஃபோல்டரை அழிக்காதீர்கள்.

இன்டெல் 7ஆம் தலைமுறை பிராசசர்களைப் பெரும்பாலும் விண்டோஸ் 11 ஏற்காது, அவற்றை வைத்திருப்பவர்கள் குறுக்குவழி தேட வேண்டாம். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்தாலும், ஈஎஸ்யூ என்ற கூடுதல் பாதுகாப்பு அப்டேட் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு.