ஈடன் பார்க்கில் சிக்ஸ் சிக்ஸ்டி

நியூசிலாந்து இசைக்குழு சிக்ஸ் சிக்ஸ்டியை மேடையில் பார்த்தவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். நான் பார்த்தது 2021 ஏப்ரல் 24, ஆக்லாந்து ஈடன் பார்க்கில். ரக்பிக்கும் கிரிக்கெட்டுக்கும் பேர்போன அந்த மைதானத்தில் நடந்த முதல் இசை நிகழ்ச்சி அதுதான். சத்தம் தாங்காது என்று அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் வெகுகாலம் எதிர்த்தார்கள். முன்னாள் பிரதமர் ஹெலன் கிளார்க்கும் அவர்களில் ஒருவர். அந்த ஆண்டு ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது.

ரயிலில் மாஸ்க் கட்டாயம். கிங்ஸ்லாண்ட் ஸ்டேஷனில் இறங்கியதும் எல்லோரும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு மைதானத்துக்குள் நுழைந்தோம். மொத்தம் 50,000 பேர். பெருந்தொற்று தொடங்கிய பிறகு உலகத்திலேயே பெரிய இசை நிகழ்ச்சி இதுதான் என்று செய்திகளில் சொன்னார்கள். ஆனால் அதே வாரம் இந்தியாவில் இரண்டாம் அலை. எங்கள் குடும்ப வாட்ஸப்பில் ஆக்சிஜன், படுக்கை என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லை. இந்தியாவிலிருந்து யாரும் வர முடியாதபடி நியூசிலாந்து அந்த மாதம் கதவைச் சாத்தியிருந்தது. இந்த நேரத்தில் பாட்டுக் கேட்கப் போவதா என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. மதுரையிலிருந்து அம்மாதான், "டிக்கெட் எடுத்தாச்சுல்ல, போயிட்டு வா" என்றாள்.

அவர்களுடைய இசை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது. தாளத்தின் இரண்டாவது, நான்காவது தட்டில் கிடார் 'சக்' என்று வெட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். பாட்டைத் தூக்கிச் சுமப்பது பேஸ் கிடார். அதைக் காதால் கேட்பதைவிட விலா எலும்பில் உணர்வதுதான் அதிகம். இதுவரைக்கும் ஜமைக்காவில் பிறந்த ரெகே இசை. அதன் மேல் குழுவின் பாடகர் மட்டியூ வால்டர்ஸ், அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசைப் பாடகரின் குரலில் அவசரமில்லாமல் இழுத்துப் பாடுகிறார். பல்லவி வந்ததும் எல்லாம் விரிந்து, ஐம்பதாயிரம் பேரும் கூடவே கத்திப் பாடுகிற மெட்டாகிவிடும். பல்லவி இவ்வளவு எளிதாக இருப்பதைக் குறை சொல்பவர்கள் உண்டு. கடைசி வரிசையில் நின்று பாடிப் பார்த்தால் அப்படிச் சொல்லத் தோன்றாது.

ரெகே இந்த ஊருக்கு இரவல் சரக்கு இல்லை. 1979-ல் ஜமைக்காவின் ரெகே பாடகர் பாப் மார்லி ஆக்லாந்தின் வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸ் மைதானத்தில் பாடினார். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி இளைஞர்களும் பசிபிக் தீவு இளைஞர்களும் அந்த இசையைத் தங்களுடையதாகவே எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் ஹெர்ப்ஸ் போன்ற உள்ளூர் ரெகே குழுக்கள் வந்தன. நாற்பது வருடம் கழித்து, 2019-ல், அதே வெஸ்டர்ன் ஸ்பிரிங்ஸை நிறைத்தார்கள் சிக்ஸ் சிக்ஸ்டி.

அன்றைய இரவில் என்னை உலுக்கியது 'டோன்ட் ஃபர்கெட் யுவர் ரூட்ஸ்'. வேரை மறக்காதே, வீட்டாரை மறக்காதே என்கிற பாட்டு. 2011-ல் வந்தது. 2019-ல் மாவோரி மொழியிலும் பதிவு செய்திருந்தார்கள். அன்றைக்கு இரண்டு மொழியிலும் பாடினார்கள். என் பக்கத்தில் அப்பா தோளில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், ஏழெட்டு வயசிருக்கும், மாவோரி வரிகளை ஒன்றுவிடாமல் பாடினான். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள் என்றார் அவன் அப்பா. எனக்கு மதுரை வீடு கண்ணில் வந்துவிட்டது. அழுதேன். பக்கத்தில் இன்னும் சிலரும் அழுதுகொண்டுதான் இருந்தார்கள். அவரவருக்கு அவரவர் ஊர்.

என்னோடு வேலை பார்க்கும் அக்கா ஒருவர் நியூசிலாந்தின் தெற்கே டனீடன் நகரில் ஒட்டாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். காசில் தெருவில் 660-ம் எண் வீட்டில் இவர்கள் மாணவர்களாகத் தங்கி வாசித்துப் பழகிய காலத்தில், அதே தெருவில் குடியிருந்திருக்கிறார். குழுவின் பெயரே அந்தக் கதவு எண்தான். ராத்திரி பேஸ் சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிரும், பரீட்சை சமயத்தில் பொறுக்காமல் போய்க் கதவைத் தட்டினால் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவார்கள் என்று சொல்வார். அந்தப் பழைய சிக்ஸ் சிக்ஸ்டிதான் அவருக்குப் பிடிக்கும். இப்போது பளபளப்பு கூடிவிட்டது என்பார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பின்னாளில் அந்த வீட்டையே வாங்கி, கலை பயிலும் மாணவர்கள் உதவித்தொகையோடு தங்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அதைச் சொன்னால் மட்டும் அக்கா மறுப்பதில்லை.