மருத்துவமனைக் காத்திருப்பில் மனத்தை எப்படி அமைதிப்படுத்துவது?

கேள்வி:
அம்மாவின் அறுவைச் சிகிச்சைக்காக வேலூரில் பத்து நாள்களாக அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். இரவில் உறக்கம் வராமல் நெஞ்சு படபடக்கிறது. மாத்திரையின்றித் தணிக்க வழி உண்டா?

பதில் 1:
தம்பி, நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல விடுங்கள். வெளிமூச்சு நீளும்போது, மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத் துடிப்பு தணிகிறது. என் கணவர் தீவிர சிகிச்சையில் இருந்த நாள்களில், வராந்தாச் சுவரில் சாய்ந்து, வயிற்றின்மேல் கைவைத்து, அது ஏறி இறங்குவதை மட்டுமே கவனித்துக்கொண்டிருப்பேன்.

பதில் 2:
வேலூர் வெயில் ஏறுமுன் கோட்டை அகழியோரமாக அரை மணி நேரம் நடந்து வாருங்கள். மதியத்திற்குப் பின் காபியைத் தவிர்ப்பது நல்லது. அதிலுள்ள, உறக்கத்தைக் கெடுக்கும் காஃபின் பல மணி நேரம் உடலில் தங்கும்.

பதில் 3:
படபடப்புடன் நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ இருந்தால், தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.