மொன்செராட் மாதா: குகையில் கிடைத்த சிலை எந்தக் காலத்தது?

கேள்வி:
ஸ்பெயினில், கட்டலோனியாவின் மொன்செராட் மலையில் கி.பி. 880-ல் இடையச் சிறுவர்கள் மாதா சிலையைக் கண்டெடுத்ததாகப் படித்தேன். முதல் நூற்றாண்டு நற்செய்தியாளர் புனித லூக்காவே செதுக்கியது என்றும் சொல்கிறார்கள். எது கதை, எது வரலாறு?

பதில் 1:
கதை இதுதான்: சனிக்கிழமை மாலைகளில் மலைமேல் ஒளி இறங்கியது, பாட்டும் கேட்டது. தேடிப்போனால் குகையில் சிலை. பக்கத்து ஊரான மன்ரேசாவுக்கு எடுத்துப்போகப் பார்த்தார் ஆயர். சிலை கனத்துப்போய் நகரவே இல்லை. சரி, இங்கேயே கோயில் என்று முடிவாயிற்று. அந்தக் குகைதான் 'சாந்தா கோவா', அதாவது புனிதக் குகை.

பதில் 2:
லூக்கா விஷயத்தைச் சிலையே மறுத்துவிடுகிறது. சுமார் 95 செ.மீ. உயர மரச்சிலை, 12-ஆம் நூற்றாண்டின் ரோமனெஸ்க் என்ற ஐரோப்பிய இடைக்காலக் கலைப் பாணி. 880-க்கே பொருந்தாதபோது முதல் நூற்றாண்டு எங்கே! ஆனால் 888 ஆவணத்தில் மலைமேல் மாதா சிற்றாலயம் வருகிறது. கட்டலோனியாவிலேயே உள்ள ரிபோல் மடத்துக்குத் தானமாகப் போயிருக்கிறது. 1025 வாக்கில் அங்கிருந்து வந்த மடாதிபதி ஒலிபா இங்கே மடம் நிறுவினார். ஆக, வழிபாடு பழையது, இப்போதுள்ள சிலை பிந்தையது.

கேள்வி கேட்டவர்:
கறுப்பு நிறம்?

பதில் 2:
மெழுகுவர்த்திப் புகை என்பது பாதிதான் சரி. வண்ணப்பூச்சும் வார்னிஷும் காலப்போக்கில் கறுத்தன, பிறகு கறுப்பாகவே பூசினார்கள். 'மொரெனேட்டா' (கறுத்த சின்னவள்) என்ற செல்லப்பெயர் அதனால்தான். சிலை கண்ணாடிக்குள் இருக்கிறது. உருண்டை ஏந்திய வலக்கை மட்டும் வெளியே. வரிசையில் போகிறவர்கள் தொடுவது அதைத்தான்.